பன்னிரண்டு காம்பரா நற்சான்று

அத்தியாயம் 4

வேலை கிடைக்காதவர்கள் துப்பறிபவரைத் தேடி வருவது எங்கும் நடக்காத காரியம். பதுளையில் அது காலை எட்டரை மணிக்கு நடந்தது. ஜெஸ்டின் அப்போது இரண்டாவது மீன் பணிஸைப் பாதி கடித்திருந்தான்.

பசார் வீதியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒரு ஜன்னலும் மூன்று நாற்காலியும் உள்ள அறைதான் மாணிக்கராஜ் துப்பறியும் நிலையம். மாணிக்கராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் பத்தொன்பது வருடம் பொய்க்காரர்களைப் பிடித்துக் கொடுத்தவர். கடைசியாக முதலாளியின் மைத்துனரையே பிடித்துக் கொடுத்தார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெஸ்டின் அவருடைய உதவியாளன். இவனிடம் உதவியை விட வாய் அதிகம் என்பது அவர் கட்சி. அவர் தருகிற சம்பளத்துக்கு வாய் மட்டும் போதும் என்பது இவன் கட்சி.

வந்தவள் பெயர் ஜீவராணி. இருபத்தைந்து வயது, நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண். கையில் தலைக்கவசம். ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காத கண்.

"முப்பத்தேழு நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன் சேர்" என்றாள். "போன் அடிச்சா நெஞ்சு படபடங்குது. ஓடிப்போய் எடுத்தா, ரீலோட் போட்டா டேட்டா இனாம்னு ஒருத்தி பேசுறா."

"எங்களுக்கும் அவ மட்டுந்தான் போன் பண்றா" என்றான் ஜெஸ்டின். மாணிக்கராஜ் அவனைப் பார்த்தார். அவன் பணிஸுக்குத் திரும்பினான்.

கதை இதுதான். கொழும்பில் ஒரு நிறுவனம் தோட்டங்களுக்குக் குடிநீர்த் திட்டம் செய்கிறது. ஊவாவுக்கு ஒரு கள உத்தியோகத்தர் வேண்டும். மோட்டார் சைக்கிளில் தனியாகத் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும், தோட்டத்தை நடத்தும் தொரைமாரிடமும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் பேசித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஜீவராணி இன்டவியூவில் முதலாவதாக வந்தாள். 'உங்கள் பின்புலத்தை விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்' என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"நேத்துப் பதினோராவது தடவையா போன் எடுத்தேன். ஷஹீலான்னு ஒரு மெடம், வேலைக்கு ஆள் எடுக்கிற ஒபிசர். பாவம் பாத்து, சொல்லக்கூடாததச் சொல்லிட்டாங்க. விசாரணை ரிப்போட் சரியில்லையாம். இன்னைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு என் ஃபைல மூடிட்டு, ரெண்டாவதா வந்த ஆளுக்குக் கடிதம் போடுறாங்களாம்."

அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்ததைக் காட்டினாள். ரிப்போட்டில் இருந்த மூன்று வரிகள். இதுவரை எங்கும் வேலை செய்ததில்லை. தனியாக எங்கும் போக மாட்டார். அந்நியரிடம் வாய் திறந்து பேச மாட்டார்.

"நான் ஜௌபர் நானாட போன் ரிப்பேர் கடையில மூணு வருஷம் வேலை செஞ்சிருக்கேன் சேர். அவரு பேரத்தான் குடுத்தேன். பைக்குக்கு லைசன்ஸ் இருக்கு. இப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடுச்சு. விசாரிக்க ஒருத்தர் லயத்துக்கே வந்திருக்காரு, ஒருத்தரும் எங்கிட்ட மூச்சு விடல. எங்கம்மாகூடச் சொல்லல! யாரோ குழி பறிச்சிருக்காங்க. யாருன்னு தெரியல, அதனால எல்லார்கிட்டயும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரியிறேன்."

"வேலைக்குப் போட்டது லயத்துல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. கையில கடிதம் வர்றதுக்கு முன்ன வாய் விட்டா கண்ணு பட்டுரும்ல சேர்?"

மாணிக்கராஜ் மேசையில் விரலால் தாளம் போட்டார். "ரிப்போட்ல உன்னையத் திருடின்னு சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சேர்."

"பயலுவளோட சுத்துறா, கடன் வாங்கித் திருப்பிக் குடுக்க மாட்டா, இப்படி ஏதாச்சும்?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"குழி பறிக்கிறவன் இவ்வளவு மரியாதையாப் பறிக்க மாட்டானே" என்று முனகினார். "நீ வீட்டுக்குப் போ. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இரு. நான் கூப்புடுற வரைக்கும் வெளிய தலை காட்டாத."

ஜௌபரின் கடை ஐந்து நிமிட நடை. வழியில் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஜெஸ்டின் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினான். நமுனுகுல வரை போய் வரவேண்டும், மாணிக்கராஜுக்குப் பசி என்ற ஒன்று இருப்பது மாலை ஆறு மணிக்குத்தான் ஞாபகம் வரும், அதை நம்பி இவன் வயிற்றைக் காயப்போட முடியாது.

ஜௌபர் நல்ல பருமன், நல்ல சிரிப்பு. ஜீவராணி என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. மாணிக்கராஜின் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தார். ஜெஸ்டினின் எண்ணெய் வைத்து வாரிய தலையைப் பார்த்தார். பழச் சீப்பையும் பார்த்தார். பிறகு கையை உதறினார்.

"அந்தப் புள்ளயா? நம்மட கடையில வேல செய்யவே இல்லயே! ஒரு நாள் உம்மாவோட போன் காட்ட வந்திச்சு. உம்மாக்குப் பின்னால நின்டுச்சு, தலையே நிமிரல்ல. தங்கமான புள்ள!"

அவருடைய தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பெரிய படம். கடை திறப்பு விழா. நடுவில் ஜௌபர், பக்கத்தில் கடைச் சட்டை போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் ஜீவராணி.

வெளியே வந்ததும் ஜெஸ்டின் குதித்தான். "பச்சைப் பொய் சேர்! படத்துக்குக் கீழ நின்னுக்கிட்டே சொல்றாரு. குற்றவாளி கிடைச்சாச்சு, திரும்பிடுவமா?"

"பொய்தான். ஆனா சொல்றப்ப அந்த மனுசன் மொகத்தப் பாத்தியா? பெத்த மகளப் பத்திப் பேசுற மாதிரி பேசுறாரு. பாசமாப் பொய் சொல்ற எதிரிய நான் பத்தொன்பது வருஷத்துல பாத்ததில்ல. ஓட்டு வண்டிய."

மாணிக்கராஜின் ஆட்டோ பசறை தாண்டி மேலே ஏறி, தோட்டத்து வழியில் முக்கால் மணி நேரம் குலுங்கி, அந்த லயத்துக்கு முன்னால் நின்றபோது மணி ஒன்றரை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மத்தியானம் இல்லாத நாள், பெண்கள் எல்லாரும் வீட்டில். ஜீவராணியின் காம்பராக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஜெஸ்டின் பழச் சீப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஆட்டோவில் விட்டால் குரங்கு கொண்டுபோய்விடும் என்ற பயம்.

அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லை. விசாரணைக்குப் போனால் நாயை அவிழ்த்துவிடுவார்கள், அல்லது ஆள் இல்லை என்று ஆளே வந்து சொல்லும். இங்கே இரண்டு நாற்காலி வந்தது. நாற்காலிக்கு மேல் புதுத் துண்டு வந்தது. ஓரத்தில் தங்கக்கோடு போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தது. ஜீவராணிக்கு அடுத்த காம்பரா நேசராணி, சுடச்சுட உளுந்து வடையோடு வந்தாள்.

"ஜீவராணின்னு ஒரு பொண்ணப் பத்தி விசாரிக்க வந்தோம்" என்றார் மாணிக்கராஜ்.

"தெரியுமுங்க" என்றாள் நேசராணி. பின்னால் நின்ற பத்துப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். "அது இருக்குற எடமே தெரியாதுங்க. வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது."

"வேலைக்குப் போயிருக்கா?"

"அய்யய்யோ! வாசப்படி தாண்டாதுங்க."

"பைக் ஓட்டுமாமே?"

"பைக்கா? சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கும்!"

அவளுக்குப் பின்னால், சுவரோரம், எண்ணெய் துடைத்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை ஒரு பெண் மெல்லப் படங்குச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். ஜெஸ்டின் கண்ணால் பார்த்தான். பார்த்ததை மாணிக்கராஜிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், ஒடிசலான ஓர் அம்மா அவனுக்கு முன்னால் வந்து குந்தினார். மாரியாயி, ஜீவராணியின் தாய்.

"தம்பிக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கவா? தம்பி எங்க வேலை? பெர்மனண்டா?"

"இல்லம்மா, வாய் வார்த்தைதான்" என்றான் ஜெஸ்டின், வடையோடு.

"குடி கிடி?"

"தேத்தண்ணி மட்டுந்தான்."

மாரியாயி திரும்பிப் பெண்களைப் பார்த்தார். பெண்கள் ஜெஸ்டினைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார்கள். ஒருத்தி 'கொஞ்சம் கறுப்பு, பரவாயில்ல' என்று தாராளமாகக் கிசுகிசுத்தாள். ஜெஸ்டின் கடித்த வடையைக் கீழே வைத்தான்.

மாணிக்கராஜ் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "அம்மா, போன மாசம் ஒருத்தர் வந்தாரே. அவரு எப்படி வந்தாரு?"

"இன்பாஸுன்னு பேரு சொன்னாருங்க. வெள்ளிக்கிழமை காலையில, நல்ல நேரம் பாத்து வந்தாரு. வெள்ளைச் சட்டை, கையில பழம். பொண்ணுக்கு என்ன வயசு, குணம் எப்படி, குடும்பம் எப்படி, கெட்ட பழக்கம் உண்டான்னு ஒவ்வொரு காம்பராவா உக்காந்து எழுதிக்கிட்டாரு. எதுக்குங்க கேக்குறீங்கன்னேன். அத இப்ப சொல்லக்கூடாதுன்னு சிரிச்சாரு. அதுக்கு மேல எங்களுக்கு வெளங்காதா?" மாரியாயியின் முகம் மலர்ந்திருந்தது. "பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல. முடிவாகுறதுக்கு முன்ன சொன்னா கலைஞ்சிருமுங்க. நீங்க மாப்பிள்ளையவே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க."

ஜெஸ்டின் மடியில் இருந்த பழச் சீப்பைப் பார்த்தான். பதுளை பஸ் நிலையத்தில் இறங்கிய கொழும்புக்காரன் எவனுக்கும் பசிக்கும், எவனும் பழம் வாங்குவான். இன்பாஸும் வாங்கியிருக்கிறான். லயத்தில் பழத்தோடு வந்து பெண்ணைப் பற்றி விசாரித்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பதுளையில் ஜௌபருக்கும் அதே அர்த்தம்தான்.

"அம்மா" என்றார் மாணிக்கராஜ். "இவன் மாப்பிள்ளை இல்ல. அவரும் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்ல. உங்க பொண்ணு கொழும்புக் கம்பனி ஒண்ணுல வேலைக்குப் போட்டிருக்கா. அந்த வேலைக்கு விசாரிக்கத்தான் வந்தாரு. வேலைக்கு ஏத்த பொண்ணு இல்லன்னு நீங்க எல்லாருமாச் சேந்து எழுதிக் குடுத்திருக்கீங்க."

 மாரியாயி உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"எம்புள்ள வேலைய நானே கெடுத்துட்டேனா?" என்றார். "அஞ்சு வாரமா அது சோறு திங்கல சாமி. கேட்டா எரிஞ்சு விழுந்துச்சு. இதுக்குத்தானா?"

அதைக் கேட்டபோது ஜெஸ்டினுக்குப் பகிடி எதுவும் வரவில்லை. 

மணி இரண்டே முக்கால். மாணிக்கராஜ் ஷஹீலாவின் எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னார். மாரியாயி அழுதுகொண்டே பேசினார், நேசராணி சத்தியம் செய்தாள், பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசியதில் படங்குக்குக் கீழிருந்த மோட்டார் சைக்கிள்கூடச் சாட்சிக்கு வந்துவிடும் போலிருந்தது.

ஷஹீலா பொறுமையாகக் கேட்டாள். "எனக்கு விளங்குது சேர். ஆனா நான் மேலிடத்துக்கு என்னத்தச் சொல்ல? கலியாணம் நடக்கணும்னு அன்டைக்குப் பொய் சொன்னவங்க, வேலை கிடைக்கணும்னு இன்டைக்கும் பொய் சொல்லலாந்தானே? ஜௌபரும் மாத்தித்தான் சொல்லுவார். புள்ளையில பாசம் உள்ளவங்கட சாட்சி இனி எடுக்க ஏலாது. நாலு மணிக்கு ஃபைல் மூடணும்."

அவள் சொன்னதில் பிழை சொல்ல முடியவில்லை. அதுதான் ஜெஸ்டினுக்கு ஆத்திரம்.

மாணிக்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மெடம், ஒரேயொரு உதவி. அந்த ரிப்போட்ல இவளை ஆகக் கூடப் புகழ்ந்தது யாரு?"

தாள் புரளும் சத்தம். "எல்லாரும் ரெண்டு மூணு வரி. ஒருத்தர் மட்டும் முழுப் பக்கம். 'இந்தப் பிள்ளை நடந்தால் பூமிக்கே தெரியாது, கட்டிக்கொண்டு போகிறவன் கொடுத்து வைத்தவன், தூரத்து ஊர் என்றாலும் பரவாயில்லை' அப்படின்டெல்லாம் சொல்லியிருக்கார். பொன்னையா, பன்னிரண்டாம் காம்பரா."

"பொன்னையாவா!" என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பொன்னையா. ஜீவராணி ஒரு பக்கமாக வந்தால் மறு பக்கமாகக் காறித் துப்பிவிட்டுப் போகிற மனிதர்.

"சந்தோஷம்" என்றார் மாணிக்கராஜ். "கடைசியா ஓர் எதிரி."

"சேர், ஒரு பக்கம் புகழ்ந்திருக்காரு!"

"பெத்த தாயே மூணு வரிதான் புகழ்ந்திருக்கா. ஊரான் எதுக்குடா ஒரு பக்கம் புகழணும்? தூரத்து ஊர்னாலும் பரவாயில்லையாம். பொண்ண எப்ப வண்டி ஏத்தலாம்னு தவிச்சுக்கிட்டு இருக்கான் மனுசன். மெடம், போன வைக்காதீங்க. பேசாமக் கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

போன் ஜெஸ்டினின் சட்டைப் பைக்குள் போனது. கடைசிக் காம்பராவுக்கு முன்னால் பொன்னையா வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறுக்கிய மீசை, கழுத்தில் துண்டு.

"தலைவரே, வணக்கம். ஒரு வருத்தமான சேதி" என்றார் மாணிக்கராஜ். "ஜீவராணிக்கு வந்த சம்பந்தம் நின்னு போச்சு. வாயில்லாப் பூச்சி எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. அது இனிமே இந்த லயத்துலதான் காலம் பூரா இருக்கும்போல."

வானொலி கீழே விழுந்தது.

"வாயில்லாப் பூச்சியா?" பொன்னையா எழுந்தே விட்டார். "எவன் சொன்னான்? அவ வாய அளக்க இந்தத் தோட்டத்துல கயிறு கெடையாதுங்க! பெரட்டுக் களத்துல நூறு பேர் நிக்கிறப்ப, மூணு மாசமாத் தண்ணி இல்ல, நீங்க என்னத்துக்குத் தலைவர்னு என்னையக் கேட்டவ! கேட்டதோட விட்டாளா? என்னைய விட்டுட்டுத் தனியாத் தொரை பங்களாவுக்குப் போயிட்டா. இங்கிலீசு, சிங்களம், தமிழு, மூணுலயும் கேட்டிருக்கா. அடுத்த வாரமே கொழா வந்திருச்சு! அதுக்கப்புறம் எனக்கு எவன் மரியாதை குடுப்பான்?"

ஜெஸ்டின் முதுகுக்குப் பின்னால், ரிப்போட்டின் மூன்று வரிக்குக் கணக்காக, ஒரு விரலை மடக்கினான்.

"சரி, வெளிய போகாத பொண்ணுதானே" என்று மாணிக்கராஜ் பெருமூச்சு விட்டார்.

"போகாதா? விடிய அஞ்சு மணிக்கு அந்தப் பைக்க முறுக்குனா எனக்குத் தூக்கம் போச்சு! மடுல்சீமைக்குப் போறா, மொனராகலைக்குப் போறா, தனியா! மழைனாலும் போறா, பனினாலும் போறா!"

இரண்டாவது விரல்.

"வேலைவெட்டி பாத்திருந்தா இப்படிச் சுத்தாது, என்ன செய்ய?"

"பாத்தாளே! ஜௌபர் கடையில மூணு வருஷம் பாத்தாளே! என் போனு தண்ணில விழுந்திருச்சின்னு கொண்டு போனேன். தொறந்து மோந்து பாத்துட்டு, 'தலைவரே, இது தண்ணி இல்ல, சாராயம்'னு கடை முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னவ அவ!"

மூன்றாவது விரல் மடங்குவதற்குள் ஜெஸ்டினின் சட்டைப் பை வாய்விட்டுச் சிரித்தது. பொன்னையா இரண்டடி பின்னால் போனார்.

"போதும் சேர், போதும்!" என்றது பைக்குள்ளிருந்து ஷஹீலாவின் குரல், மூச்சு வாங்க. "இப்பிடி நடிக்க யாராலயும் ஏலாது. எழுதிக்கிட்டேன், ஒவ்வொரு வரியும். தலைவர் ஐயா, நீங்க சொன்ன அந்தப் புள்ளயத்தான் நாங்க தேடுற. ஜீவராணிட்டப் போனக் குடுங்க."

மணி மூன்று இருபது. ஜீவராணியின் கதவு திறந்தது. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தவள் வெளியே வந்து போனை வாங்கினாள். கேட்டாள். "சரிங்க மெடம்" என்றாள். "சரிங்க மெடம்" என்று இன்னொரு தடவை சொன்னாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்து கடிதத்த எடுக்கச் சொல்றாங்க" என்றாள். முப்பத்தேழு நாளும் சேர்த்து அழுதாள்.

பொன்னையாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் வேண்டிய பாதி விளங்கியது. "வேலையா? எந்த ஊர்லங்க?" என்று ஆசையோடு கேட்டார்.

"ஊவா முழுக்க, தலைவரே" என்றாள் ஜீவராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல் வேலை நம்ம நமுனுகுலதான். தண்ணி விசயமா வாரா வாரம் உங்களத்தான் வந்து பாக்கணுமாம்."

பொன்னையா உட்கார்ந்தார். ஜெஸ்டின் மிச்சமிருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தான்.

மாரியாயி மகளுக்கு அருகில் வரத் தயங்கி நின்றார். ஜீவராணி தாயைப் பார்த்தாள். பார்வையில் கோபமும் இருந்தது, கோபப்பட்டதற்கான வெட்கமும் இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன? நான் பைக் ஓட்டுறது, கடையில நின்னது, ஒண்ணு விடாம மறைச்சிருக்கியே."

"உள்ளதச் சொன்னா எவன்டி கட்டுவான்னு பயந்துட்டேன்" என்றார் மாரியாயி. "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். எம்மேல சத்தியமா."

"அதுல ஒண்ணாச்சும் நல்லதுன்னு உனக்குத் தோணலையா?"

மாரியாயி தயக்கத்தை விட்டு அருகில் வந்தார். மகளின் தலையைத் தடவினார், அவ்வளவுதான். ஜீவராணி அந்தக் கையை விலக்கவில்லை.

"இனிமே யாரு வந்து கேட்டாலும் என்னையப் பத்திக் கேட்டா என்னையப் பத்தியே சொல்லும்மா."

"பொண்ணு கேட்டு வந்தாலுமா?"

ஜீவராணி மூக்கை உறிஞ்சினாள், கடைசிக் காம்பரா வாசலில் பழத்தை உரிக்காமல் வெறித்துக்கொண்டிருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணு கேட்டு வந்தா நீ வாயே தொறக்காத. நேரா தலைவர்கிட்ட அனுப்பு."